வாய்மொழிச் சம்மதம்

பல்கலைக்கழகம் யாரையும் வெளியேற்றுவதில்லை. அவர்களாகவே போக விரும்பும்படி பார்த்துக்கொள்கிறது.

இதைத் துணைவேந்தரே மேடையில் சொன்னார், கொஞ்சம் வேறு சொற்களில். ஊழியர்கள் எல்லோரையும் பேரரங்கில் கூட்டி, 'மனமகிழ் விடைபெறும் திட்டம்' என்ற விருப்ப ஓய்வுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஓய்வு வயது வருமுன்னே தாமாக விலகுகிறவர்களுக்குப் பாதிச் சம்பளம் தொடரும். கணவன் மனைவி இருவருக்கும் மருத்துவச் செலவு தொடரும். நூலக அட்டை தொடரும். வண்டி நிறுத்த இடம் மட்டும் கிடையாது.

"நாங்கள் யாரையும் தள்ளமாட்டோம். கதவைத் திறந்துவைப்போம். வெளியே காற்று நன்றாக இருந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல," என்றார்.

கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவர்கள் மேடையில் இருந்தவர்கள். அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஓய்வுபெற்று, மறுநியமனத்தில் அதே நாற்காலிகளில் இருப்பவர்கள்.

மேடைக்குப் பக்கவாட்டில் கண்ணாடி வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. அதற்குள் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மைக்செட்காரர், ஒரு குமிழைத் திருகித் துணைவேந்தரின் குரலுக்குக் கொஞ்சம் கனம் சேர்த்தார். எப்போதும் செய்வதுதான். துணைவேந்தருக்குப் பிறவியிலேயே கீச்சுக்குரல். பல்கலைக்கழகத்தில் அது யாருக்கும் தெரியாது.

பேச்சுகளின் ஏற்ற இறக்கத்தைக் கவனிப்பாரே தவிர, அவற்றில் என்ன சொல்லப்படுகிறது என்பதை மைக்செட்காரர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த வேலையில் அத்தனை வருடம் இருந்திருக்க முடியாது. அன்று கேட்டார்.

அவர் மனைவியின் தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் தங்கும், குரல் போய்விடும் என்று மருத்துவர் பென்சிலால் படம் போட்டுக் காட்டியிருந்தார். அதற்கு முன் மூன்று மாதம் மருந்து. அதுவரை பேசலாம், ஆனால் அளவோடு. காலையில் தொண்டை திறந்திருக்கும். மதியத்துக்கு மேல் கம்மிவிடும். மாலையில் வெறும் காற்றுதான் வரும்.

மருந்தின் அசதியில் அவள் காலையில் தாமதமாகத்தான் எழுந்தாள். அதற்குள் மைக்செட்காரர் ஏதாவது ஒரு கருத்தரங்கில் 'ஹலோ, ஹலோ' சொல்லிக்கொண்டிருப்பார். அவர் வீடு திரும்பும்போது காற்று மட்டும் மிச்சமிருக்கும். இருந்த விடுப்பெல்லாம் மருத்துவமனை வரிசைகளில் தீர்ந்திருந்தது.

அந்தக் குரல் இருக்கும்வரை அவர் வீட்டில் இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பல்கலைக்கழகமும் அவரைப் போகச் சொல்கிறது. இரண்டு தரப்புக்கும் ஒரே ஆசை. இதில் சிக்கல் வராது என்று நினைத்தார். அத்தனை வருடம் அங்கே வேலை பார்த்தவர் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

விண்ணப்பத்தை வாங்கிய பிரிவுக் கண்காணிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காரணம்ங்கற கட்டத்துல என்னய்யா எழுதித் தொலைச்சிருக்கீங்க?"

"வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லன்னு."

"கெடுத்தீங்க. இது விருப்ப ஓய்வு. உங்களுக்கு எங்க விருப்பம்? வீட்ல உடம்பு சரியில்ல, அதனால போறீங்க. அது நிர்ப்பந்தம். நிர்ப்பந்தத்துல போறவங்களுக்கெல்லாம் சலுகை குடுத்தா தணிக்கைக்காரன் என் கழுத்தப் பிடிப்பான்."

"அப்ப யாருக்குத்தான் சார் குடுப்பீங்க?"

"போறதுக்கு எந்தக் காரணமும் இல்லாதவங்களுக்கு."

"காரணமே இல்லாம ஒருத்தன் எதுக்கு சார் போவான்?"

"அதக் கண்டுபிடிக்கத்தான் விருப்பக் குழு இருக்கு." கண்காணிப்பாளர் காரணத்தின்மீது வெள்ளை மை பூசி, ஊதி உலர்த்தினார். "இப்ப உங்க வீட்டம்மா நல்லாயிருக்காங்க. போய்ட்டு வாங்க."

விருப்பக் குழு கூட ஒரு மாதமானது.

அந்த ஒரு மாதமும் மனைவியின் பேச்சு அவருக்குக் கொழுந்தியாள் வழியாகத்தான் கிடைத்தது. அக்காவுக்குத் துணையாக வந்திருந்தவள், மாலையில் அவர் செருப்பைக் கழற்றுமுன்பே தொடங்கிவிடுவாள்.

"மாமா, இன்னிக்கு அக்கா பால்காரன வாங்கு வாங்குன்னு வாங்கிடுச்சு. 'ஏம்பா, பாலுக்குத் தண்ணி ஊத்தறியா, தண்ணிக்குப் பால் ஊத்தறியா, அத மட்டும் சொல்லு'ன்னுச்சு."

"அவ சொன்ன மாதிரியே சொல்லு."

கொழுந்தியாள் இடுப்பில் கைவைத்து, கழுத்தை வெட்டி, மறுபடி சொல்வாள். குரல் சேராது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, தான் காலையில் பேசியதைத் தானும் கேட்டுச் சத்தமில்லாமல் சிரிப்பாள். மைக்செட்காரரும் சிரிப்பார், அரைநாள் தாமதமாக.

ஒரே ஒரு காலைதான் அவருக்கு முழுதாகக் கிடைத்தது.

"என்னங்க, வெயிலடிக்கற நேரத்துல வீட்ல இருக்கீங்க? யாரு செத்தது?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தாள் மனைவி.

"யாரும் சாகல. துணைவேந்தருக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம். கூட்டமெல்லாம் ரத்து."

"அவருக்குத் தொண்டை கட்டினா ஊருக்கே லீவு. எனக்குக் கட்டினா உங்களுக்கு ஓவர்டைம்."

மைக்செட்காரர் பையிலிருந்து ஒரு சின்னப் பதிவுக் கருவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அரங்கத்திலிருந்து கேட்காமல் எடுத்து வந்தது.

"எதையாவது பேசேன். பதிஞ்சு வச்சுக்கறேன்."

"என்னத்தப் பேச? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னா? நான் என்ன நீங்க டெஸ்ட் பண்ற மைக்கா?" அவள் கருவியைக் கவிழ்த்து வைத்தாள். "கேக்கணும்னா பக்கத்துல உக்காந்து கேளுங்க. பின்னாடி பொத்தான அமுக்கி அமுக்கி அழறதுக்கெல்லாம் நான் பேசித் தரமாட்டேன்."

"சரி, பக்கத்துலதான இருக்கேன். பேசு."

"முதல்ல அந்த மீசைய எடுங்க. பல்லு விளக்கற பிரஷ் மாதிரி…"

தொலைபேசி அடித்தது. துணைவேந்தருக்குத் தொண்டை சரியாகிவிட்டது. ஆரோக்கியம் பற்றி உடனே உரையாற்ற விரும்புகிறார்.

விருப்பக் குழுவில் மூன்று பேர். தலைவர் தத்துவத் துறைக்காரர். அவருடைய ஓய்வு விழாவுக்கு மைக் வைத்ததே மைக்செட்காரர்தான். அந்த மேடையில் 'இனி என் பேரப்பிள்ளைகளோடு' என்று தழுதழுத்தவர், மறுநாள் காலை அதே பையோடு அதே அறைக்கு வந்துவிட்டார். இரண்டாமவர் உளவியல் அம்மையார், மறுநியமனம். மூன்றாமவர் பொருளாதாரப் பேராசிரியர், மறுநியமனத்துக்கும் மறுநியமனம். அவர் பெரும்பாலும் தூங்கினார்.

"உக்கார்றதுக்கு முன்னாடி இந்த மைக்கக் கொஞ்சம் சரி பண்ணிடுங்க. கரகரங்குது," என்றார் தலைவர்.

மைக்செட்காரர் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. இங்க நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"சந்தோஷமா இருக்கறவர் எதுக்குப் போகணும்? எழுதிக்கங்கம்மா, விருப்பம் சந்தேகத்துக்குரியது."

"இல்ல சார். அவ்வளவு ஒண்ணும் சந்தோஷமா இல்ல."

"அப்படின்னா பல்கலைக்கழகம் உங்களக் கொடுமைப்படுத்தி விரட்டுதுன்னு சொல்றீங்க."

"ஐயோ, அப்படியும் இல்ல சார்."

உளவியல் அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சந்தோஷமும் இல்ல, வருத்தமும் இல்ல. இது உணர்ச்சி மந்தம். மந்தமா இருக்கறவங்களால சுயமா முடிவெடுக்க முடியாது. நான் இதப் பத்தி ஒரு நூலே எழுதியிருக்கேன். நீங்கதான் அதோட வெளியீட்டு விழாவுக்கு மைக் வச்சீங்க. ஞாபகமிருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப எதுவும் உணர்ந்தீங்களா?"

"இல்லம்மா."

"பாத்தீங்களா," என்றார் அம்மையார், தலைவரிடம்.

பொருளாதாரப் பேராசிரியர் விழித்துக்கொண்டார். "வேலைய விட்டுட்டு என்ன பண்றதா உத்தேசம்?"

"வீட்ல இருப்பேன் சார்."

"வீட்லயா!" பேராசிரியர் உண்மையாகவே இரக்கப்பட்டார். "தம்பி, அனுபவத்துல சொல்றேன். ரிட்டயர் ஆன அன்னிக்கு நானும் வீட்ல இருந்து பாத்தேன். மத்தியானம் என் சம்சாரம் வந்து, 'எப்பக் கெளம்புவீங்க?'ன்னு கேட்டா. சாயங்காலமே மறுநியமனத்துக்கு எழுதிப் போட்டுட்டேன். இந்தப் பல்கலைக்கழகம் மட்டும் இல்லைன்னா நாங்க மூணு பேரும் எங்க போயிருப்போம்?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மைக்செட்காரருக்குப் பொறுக்கவில்லை.

"என் வீட்டுக்காரியோட பேசிக்கிட்டிருக்கணும் சார். அவ குரல எடுக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நெஞ்சத் தொட்டுட்டீங்க. ஆனா இது ஒரு காரணம். காரணம் இருந்தா நாங்க நிராகரிச்சாகணும். அதனால இத நாங்க கேக்கல." அம்மையாரிடம் திரும்பினார். "கேக்கலன்னு எழுதிடுங்கம்மா. மனிதாபிமான அடிப்படையில்."

விண்ணப்பம் அடுத்த படிக்கு ஏறியது. அதன் பெயர் மனமாற்ற அவகாசம். போக விரும்புகிறவரைப் போக வேண்டாமென்று பல்கலைக்கழகம் வாராவாரம் வற்புறுத்த வேண்டும். அப்போதும் அவர் மசியாவிட்டால்தான் விருப்பம் உண்மையானது. வற்புறுத்தும் பொறுப்பு கண்காணிப்பாளருக்கு.

"விதிப்படி நான் இப்ப உங்களக் கெஞ்சணும்," என்றார் கண்காணிப்பாளர், தேநீரை உறிஞ்சிக்கொண்டே. "போகாதீங்கய்யா. நீங்க இல்லாம இந்த இடம் வெறிச்சோடிப் போயிடும்."

"போறேன் சார்."

"கல்நெஞ்சக்காரர்யா நீங்க. சரி, அடுத்த வாரம் இதே நேரம் வந்துடுங்க. அப்ப நான் கண்கலங்கணும்னு போட்டிருக்கு."

அந்த வாரங்களில் திட்டத்தை விளக்கக் கருத்தரங்குகள் நடந்தன. எல்லாவற்றுக்கும் மைக் வேண்டியிருந்தது. 'பணியும் இல்லமும்: ஒரு சமநிலை' என்ற தலைப்பில் முழுநாள் நிகழ்ச்சி ஒன்று. பேச வந்த வல்லுநர், "இன்று காலை உங்கள் துணையோடு மனம்விட்டுப் பேசியவர்கள் கை தூக்குங்கள்," என்றார். அரங்கில் பாதிப்பேர் தூக்கினார்கள். வல்லுநர் மற்ற பாதியைக் கடிந்துகொண்டார். கண்ணாடி அறைக்குள் யார் கை தூக்கினார், யார் தூக்கவில்லை என்பது அங்கிருந்து தெரியாது.

மூன்றாம் மாதம் பிறந்தபோது பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். எல்லாப் படிகளும் தாண்டியாயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. துணைவியின் வாய்மொழிச் சம்மதம்.

அதற்கு ஒரு சரித்திரம் இருந்தது. முன்பு ஒரு வேதியியல் பேராசிரியர் வீட்டில் சொல்லாமல் முன்ஓய்வு வாங்கிக்கொண்டார். மனைவியின் கையெழுத்தை அவரே போட்டுவிட்டார். பிறகு தினமும் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு மாலையில் களைப்போடு வீடு திரும்பினார். விஷயம் தெரிந்த மனைவி நேரே துணைவேந்தர் அறைக்கு வந்து, "என் புருஷன யாரக் கேட்டு எங்கிட்டத் திருப்பி அனுப்பினீங்க?" என்று சட்டையைப் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து எழுத்து செல்லாது. விடைபெறு விழாவில், மேடையேறி, மைக்கில், எல்லோர் காதிலும் விழும்படி 'எனக்குச் சம்மதம்' என்று துணை சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் அதைப் பதிவுசெய்துகொள்ளும்.

மைக்செட்காரர் இதைப் பல விழாக்களில் பார்த்திருக்கிறார். ஏதோ மரியாதைக்கு இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தார்.

"நாளைக்கே கூட்டிட்டு வந்துடறேன் சார். காலைல வந்தா பேசிடுவா."

"அது முடியாது. சம்மதம்ங்கறது கடைசிப் படி. ஒப்புதல் ஆணை தட்டச்சு ஆகிக்கிட்டிருக்கு. அதுக்கு முன்னாடி சம்மதம் வாங்கினா, ஒப்புதல நாங்க முன்கூட்டியே முடிவு பண்ணிட்டோம்னு அர்த்தமாயிடும்."

"முன்கூட்டியே முடிவு பண்ணலயா சார்?"

"பண்ணிட்டோம். ஆனா அப்படி அர்த்தமாகக் கூடாது."

ஆணையைத் தட்டச்சு செய்பவர் விருப்ப ஓய்வில் போயிருந்தார். கடைசியில் விழாவுக்குத் தேதி குறித்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள். "உங்களுக்காகக் காலை நேரமே போட்டிருக்கேன்," என்று பதிவாளர் தோளில் தட்டினார்.

அன்று காலை மனைவி நேரத்தோடு எழுந்துவிட்டாள். நல்ல புடவை கட்டிக்கொண்டாள். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. மைக்செட்காரர் ஏதோ கேட்டபோது உதட்டில் விரலை வைத்தாள். மருந்து அதன் வேலையைக் காட்டிவிட்டிருந்தது. இருந்த குரல் கொஞ்சம்தான். அதைப் பல்கலைக்கழகத்துக்காகச் சேர்த்துவைத்திருந்தாள்.

பத்து மணி விழாவுக்குத் துணைவேந்தர் மாலை நான்கு மணிக்கு வந்தார்.

மனைவி மேடையில் ஓர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கொழுந்தியாள் வெந்நீர்க் குடுவையோடு. விழா நாயகருக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. அவர் கண்ணாடி அறையில் இருந்தார். அவருடைய பதவியையே திட்டத்தின் கீழ் ஒழித்துவிட்டதால், மைக்கைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

பதிவாளர் பேசினார். "இவர் பெயர் நமக்கெல்லாம் தெரியும். எனவே நான் அதைச் சொல்லப்போவதில்லை." விருப்பக் குழுத் தலைவர் விடைபெறுதலின் தத்துவம் பற்றிப் பேசினார். அதில் அவருக்கு அனுபவம் கிடையாது. துணைவேந்தர் எல்லோரையும்விட நீளமாகப் பேசினார். "குரலற்றவர்களின் குரலாக இந்தப் பல்கலைக்கழகம் என்றும் இருக்கும்," என்றார்.

கடைசியாகப் பதிவாளர் அறிவித்தார்: "இப்போது துணைவியார் தம் சம்மதத்தை ஒலிக்கச் செய்வார்."

மனைவி எழுந்தாள். மைக் நின்ற இடத்துக்கு வந்தாள். அதைத் தாண்டினாள். படியிறங்கி, கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"அத அணைங்க," என்றாள்.

குரல் தேய்ந்திருந்தது. ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. ஆனால் அவளுடையதுதான். மைக்செட்காரர் எல்லாக் குமிழ்களையும் இறக்கினார்.

"இதுக்கா காலைலேர்ந்து வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்? இவனுங்களுக்கு ஒரு வார்த்த குடுக்கவா?"

"சம்மதம்னு சொல்லிடு. சொல்லிட்டா நாளைலேர்ந்து வீட்ல இருப்பேன்."

"நாளைலேர்ந்து வந்து என்னத்தக் கேப்பீங்க?"

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. உங்களுக்குத்தான். கேளுங்க."

அவள் முக்கியமாக எதுவும் சொல்லவில்லை. பின்பக்கக் குழாய் சொட்டுகிறது, வாஷர் மாற்ற வேண்டும் என்றாள். தங்கையை இத்தனை நாள் பிடித்து வைத்துவிட்டோம், அவளுக்கு நல்லதாக ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றாள். அவர் குறட்டையைப் பற்றிச் சொன்னாள். வெளியே பதிவாளர் கண்ணாடியைத் தட்டி, "சம்மதமா, இல்லையா?" என்று வாயசைத்தார். உள்ளே அது கேட்கவில்லை.

"முதமுதல்ல எங்கிட்டப் பேசினப்ப என்ன சொன்னீங்க, ஞாபகமிருக்கா?" அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஹலோன்னீங்க. நான் திரும்பிப் பாத்தேன். மறுபடியும் ஹலோன்னீங்க. இந்தாளு என்னை மனுஷின்னு நினைச்சானா, மைக்குன்னு…"

சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பின் நடுவில் குரல் அறுந்தது. பிறகு அவள் சிரித்தது மட்டும் தெரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு பதிவாளர் கையில் ஒரு மைக்கோடு வந்துவிட்டார். அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் மறுக்கவில்லை. வாயைத் திறந்து உண்மையாகவே முயன்றாள். மைக்செட்காரர் குமிழ்களை முடிந்தமட்டும் ஏற்றினார். பேரரங்கம் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது.

"மைக் ரிப்பேர்," என்றார் பதிவாளர்.

மைக்செட்காரர்மீது குறிப்பாணை வந்தது: பணியில் அலட்சியம், ஒலிக்க வேண்டிய சம்மதத்தை ஒலிக்கவிடாமல் செய்தது. அறுவை சிகிச்சை முடிந்த மறுவாரம் விசாரணை. அதே மூன்று பேர். குற்றஞ்சாட்டப்பட்ட மைக்கையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

தலைவர் அதில் ஊதிப் பார்த்தார். தத்துவம் பற்றிச் சில நிமிடங்கள் பேசிப் பார்த்தார். கணீரென்று ஒலித்தது. பொருளாதாரப் பேராசிரியர் திடுக்கிட்டு எழுந்தார்.

"மைக்ல எந்தக் குறையும் இல்ல. நீங்க நிரபராதி. வாழ்த்துகள்," என்றார் தலைவர்.

"அப்ப என் ஓய்வு சார்?"

"மைக்ல குறை இல்லைன்னா, குறை பேசினவங்ககிட்ட. சம்மதம் இன்னும் வரல. அவங்க வந்து தெளிவா ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சது."

"அவளுக்குக் குரல் இல்ல சார். எடுத்துட்டாங்க."

உளவியல் அம்மையார் பேனாவைத் திறந்தார். "அவங்க விரும்பி எடுத்துக்கிட்டாங்களா, இல்ல நிர்ப்பந்தமா?"

மைக்செட்காரர் மைக்கிலிருந்து வயரைக் கழற்றினார்.

"கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. விரும்பி எடுத்துக்கிட்டாங்கன்னா, சம்மதத்த வேணும்னே மறுத்துட்டாங்கன்னு ஆகும். உங்க விண்ணப்பம் ரத்து."

"எடுக்கலன்னா செத்துடுவாங்கன்னு சொன்னாங்கம்மா."

"அப்ப நிர்ப்பந்தம்." அம்மையார் எழுதினார். "நல்லவேளை. நிலுவைலதான் இருக்கும்."

தலைவர் எழுந்து வந்து மைக்செட்காரரின் கையைப் பற்றிக்கொண்டார்.

"பல்கலைக்கழகம் யாரையும் அவசரப்படுத்தாது. அவங்க நல்லா ஓய்வெடுக்கட்டும். என்னிக்குப் பேச்சு வருதோ, அன்னிக்குக் கூட்டிட்டு வாங்க. அலுவல் நாளா இருந்தாப் போதும். நாங்க எங்கயும் போகமாட்டோம்."

அவர்கள் போகமாட்டார்கள் என்பது மைக்செட்காரருக்குத் தெரியும். வயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு அரங்கத்துக்குப் போனார். அங்கே ஏதோ நிகழ்ச்சி இருந்தது.

அவர் வீடு திரும்பியபோது மனைவி கதவைத் திறந்தாள். என்ன ஆயிற்று என்று கையால் கேட்டாள்.

"நீ வந்து சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்காங்களாம்," என்றார்.

அவள் சிரித்தாள். கழுத்துத் துளையின்மேல் கட்டியிருந்த வெள்ளைத் துணி உள்ளே போயிற்று, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போயிற்று.